படியில் நின்ற அப்பா

அந்தத் தொலைக்காட்சி நிலையத்தில் அவளை எல்லாரும் கத்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். படத்தொகுப்பு வேலையில் கத்திரிக்கோல் ஒழிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. இப்போது எல்லாம் கம்ப்யூட்டர்தான். ஆனால் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. "கத்திரி அக்கா, இந்த ரெண்டு ஷாட்டையும் கொஞ்சம் பாருங்களேன்" என்று கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அவளுடைய சொந்தப் பெயரே தெரியாது. அவளும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை.

டைட்டில் வெட்டுவதுதான் அவளுடைய தனி வேலை. தொடர் ஆரம்பிப்பதற்கு முன்னால் பாட்டும் படமுமாக நடிகர்களின் பெயர்கள் ஓடுமே, அதுதான். ஜனங்கள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிற நேரம் என்று அவளுடைய கணவர் அதற்கு விளக்கம் சொல்வார். அவர் ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்கிறவர். கல்யாணமான புதிதில், மனைவி வாரக்கணக்கில் உயிரைக் கொடுத்து வெட்டிய டைட்டில் முதன்முதலாக ஒளிபரப்பானபோது அவர் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தார். அதைச் சொல்லிக்காட்டியே அவள் பல சண்டைகளில் ஜெயித்திருக்கிறாள்.

அந்த வேலையின் சூட்சுமம் அவளுக்கு விரல் நுனியில் இருந்தது. தாளத்தின் அடி விழுகிற அதே நொடியில் படத்தை மாற்றினால் கண் பின்தங்கிப்போகும். ஓர் இமைப்பு முன்னால் மாற்ற வேண்டும். அப்போதுதான் அடி விழும்போது கண் புதுப் படத்தில் போய் உட்கார்ந்திருக்கும். இரண்டும் சேர்ந்தே விழுந்த மாதிரி நெஞ்சில் படும். நீளமாக இழுக்கிற சுரத்தின் மேல் பெயரைப் போட்டால் நின்று படிப்பார்கள். மேளம் பொரிந்து தள்ளுகிற இடத்தில் போட்டால் யார் கண்ணிலும் படாது. ஒருமுறை தன்னிடம் வாய்க்கு வந்தபடி பேசிய ஒரு நடிகரின் பெயரை அவள் அப்படி மேளத்துக்கு நடுவே போட்டுப் பழி தீர்த்துக்கொண்டாள். அந்த மனுஷன் இன்றைக்கும் அது ரொம்ப விறுவிறுப்பான டைட்டில் என்று பாராட்டிக்கொண்டிருக்கிறார்.

இசை அமைக்கிறவருக்கு ஹம்மிங் என்று பெயர். வாயைத் திறந்து பேசுவதைவிட மூடிக்கொண்டு முணுமுணுப்பதுதான் அதிகம் என்பதால் வந்த பெயர். கீபோர்டு வாசிக்க வந்தவர், மெல்ல மெல்லத் தானே மெட்டுப் போடுகிற அளவுக்கு வளர்ந்தார். கத்திரியைவிடச் சில வயது சின்னவர். ஆரம்பத்திலிருந்தே "அக்கா, அக்கா" என்று காலைச் சுற்றி வருவார். சாப்பாட்டு நேரத்தில் அவர் கையில் எப்போதும் ஒரு பன்தான் இருக்கும். பார்க்கச் சகிக்காமல் ஒருநாள் அவள் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே அவளுடைய தங்கை இருந்தாள். ஹம்மிங் அன்றைக்கு முணுமுணுக்கவே இல்லை, பேசித் தள்ளிவிட்டார். அடுத்த வருடம் கல்யாணம், பிறகு இரண்டு பிள்ளைகள்.

தங்கை பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேஜையில் இருந்தாள். கலகலப்பானவள். பல்வலியோடு வருகிறவனைக்கூடச் சிரிக்க வைத்து, வாயைத் திறக்கும் வேலையைப் பாதி முடித்துவிடுவாள் என்று டாக்டரே சொல்வார். அக்காவின் வேலை மட்டும் அவளுக்குச் சலிப்பு. "ஒரே பாட்டை எத்தனை தடவைக்கா கேப்பே? எனக்கா இருந்தா பைத்தியம் பிடிச்சிடும்" என்பாள். அக்கா டைட்டிலைப் பற்றி ஆரம்பித்தாலே கொட்டாவி விடுவாள். கத்திரிக்கு அதில் வருத்தமில்லை. சின்ன வயதில் ஒரே கட்டிலில் படுத்து, ஒரே போர்வைக்கு அடித்துக்கொண்டு வளர்ந்தவர்கள். அப்பா சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா வேலைக்குப் போனபோது தங்கைக்குத் தலை வாரிவிட்டதும், பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனதும் கத்திரிதான்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தத் தொடர் வந்தது. ஒரே கட்டடத்தில் மாடிக்கு ஒரு குடும்பமாக வாழ்கிற மூன்று தலைமுறையின் கதை. இயக்குநர் பிடிவாதக்காரர். ஹம்மிங் போட்டுக்கொடுத்த மெட்டு ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு, "நல்லாருக்கு. ஆனா இது இல்ல" என்று திருப்பி அனுப்பினார். ஹம்மிங்கின் முகம் சுண்டிப்போனது. வேறு ஆளைப் பார்க்கப் போகிறார்கள் என்று நடைபாதையில் பேச்சும் கிளம்பிவிட்டது.

வழக்கமாக மெட்டு முதலில் வரும். படத்தை அதற்கு ஏற்ப அவள் வெட்டுவாள். அந்த முறை கத்திரி அதைத் தலைகீழாக மாற்றினாள். இயக்குநரிடம் போய், "எனக்கு ஒரு வாரம் குடுங்க. சத்தமே இல்லாம படத்தை மட்டும் வெட்டித் தரேன். தம்பி அதுக்கு மெட்டுப் போடட்டும்" என்று கேட்டாள்.

அவள் வெட்டிக் கொண்டுவந்ததில் ஒரு முகம்கூட இல்லை. ஒரு மாடிப்படியும் கால்களும் மட்டும்தான். காலணியின் வார் அறுந்துபோய் ஒரு காலை இழுத்து நடக்கிற பெண். இரண்டு இரண்டு படியாகத் தாவுகிற குழந்தை. கட்டிலைத் தூக்கிக்கொண்டு திணறுகிற நாலு கால்கள். கடைசியாக, வயதான ஓர் ஆளின் தேய்ந்த காலணிகள். அவை மெதுவாக ஏறி, படி திரும்புகிற இடத்தில் நின்றுவிடும். கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். அப்புறம் மறுபடியும் ஏறும்.

ஹம்மிங் அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தார். பிறகு கீபோர்டை இழுத்துப் போட்டுக்கொண்டார். கால்கள் விழுகிற கணக்கிலேயே மெட்டு வந்தது. அவர் கெட்டிக்காரர்தான், அதில் சந்தேகமில்லை. குழந்தை தாவுகிற இடத்தில் மெட்டும் ஒரு சுரத்தை விட்டுவிட்டுத் தாவியது. சண்டை வந்தது கடைசி இடத்தில் மட்டும்தான். காலணிகள் நிற்கிற இடத்தில் அவர் வயலினை இழுத்திருந்தார்.

"அதை எடுத்துடு தம்பி" என்றாள் கத்திரி.

"எடுத்துட்டு என்ன போடறது?"

"ஒண்ணும் போடாதே. கால் நிக்குதுல்ல? பாட்டும் நிக்கட்டும்."

"அக்கா, டிவி கெட்டுப்போச்சுன்னு ஜனங்க நினைப்பாங்க."

"நினைக்கட்டும். நினைச்சு நிமிர்ந்து பார்ப்பாங்கல்ல? அப்ப கால் நிக்கறது தெரியும்."

மாறி மாறி விவாதித்து, கடைசியில் அலுத்துப்போய் அவர் வயலினை எடுத்தார். இயக்குநர் பார்த்தார். மறுபடியும் போடச் சொல்லிப் பார்த்தார். "இதுதான்" என்றார்.

அந்த டைட்டில் ஊரையே பிடித்துக்கொண்டது. முதலில் குழந்தைகள்தான் ஆரம்பித்தார்கள். தெருவில் ஓடி விளையாடும்போது யாராவது அந்த மெட்டை வாயால் பாட, நிற்கிற இடம் வந்ததும் எல்லாரும் அப்படியே சிலையாக நிற்க வேண்டும், அசைந்தவன் அவுட். பேருந்தில் ஒருவருடைய செல்பேசி அந்த மெட்டில் அடித்து, நடுவில் நின்றால், பக்கத்து இருக்கைக்காரர் அது மறுபடி தொடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்வார். கத்திரியின் கணவர்கூட டீ போடுவதைத் தள்ளிவைத்தார். "பரவாயில்லையே, தண்ணி குடிக்கப் போறவனையும் உட்கார வச்சுட்டியே" என்றார். அதுவரை அவர் சொன்னதிலேயே பெரிய பாராட்டு அதுதான்.

விருது கொடுத்தார்கள். டைட்டில் இசைக்கு மட்டும்தான் விருது இருந்தது, டைட்டில் படத்துக்கு இல்லை. ஹம்மிங் மேடையேறி, "நானும் எங்க அக்காவும் சேர்ந்து பண்ணினது" என்று சொன்னார். கத்திரி கீழே உட்கார்ந்து கைவலிக்கத் தட்டினாள். அதன் பிறகு பேட்டிகள் வந்தன. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். இசைக் கல்லூரியில் பேசக் கூப்பிட்டார்கள். கணவர்தான் ஒருநாள் பேப்பரை மடித்தபடி சொன்னார். "கவனிச்சியா? முதல்ல 'நாங்க'ன்னு பேசிட்டிருந்தாரு. இப்ப 'நான்'னு ஆயிடுச்சு."

"பேப்பர்காரங்க மாத்தி எழுதியிருப்பாங்க" என்றாள் அவள். அதற்கு மேல் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில் அவளுக்கு வேறொரு சந்தோஷம் இருந்தது. தங்கை அடிக்கடி வீட்டுக்கு வர ஆரம்பித்திருந்தாள். விடுமுறை நாளில் காலையிலேயே வந்து, அடுப்படி மேடைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்பாள். ஏன்க்கா முகமே காட்டலை? ஏன்க்கா அந்தக் கட்டில் தூக்கற கால்களை நடுவுல வச்சே? முன்னாடி வச்சிருந்தா என்ன ஆகும்? கத்திரிக்கு முதலில் நம்பிக்கையே வரவில்லை. டைட்டில் என்றாலே கொட்டாவி விடுகிற பெண்ணா இப்படிக் கேட்கிறாள்? ஆனால் வாழ்நாள் முழுக்க யாரும் கேட்காததை ஒருத்தி கேட்கும்போது எவ்வளவு நேரம்தான் வாயை மூடிக்கொண்டிருப்பது? சொன்னாள். வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே சொன்னாள். கையிலிருந்த கத்தியாலேயே மேடையில் தாளம் தட்டிக் காட்டினாள். முகத்தைக் காட்டினால் அது யார் என்று கேட்பார்கள், காலை மட்டும் காட்டினால் தங்கள் வீட்டில் யார் அப்படி நடப்பார்கள் என்று யோசிப்பார்கள் என்றாள். தங்கை கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

அப்படி ஒரு காலையில்தான் தங்கை கேட்டாள்: "சரிக்கா, அந்தக் கடைசிக் கால் ஏன் நிக்குது?"

கத்திரி அடுப்பைக் குறைத்தாள். இது யாரிடமும் சொல்லாதது. கணவரிடம்கூடச் சொன்னதில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. சொல்ல வாய் வந்ததில்லை.

"அது அப்பாடி" என்றாள்.

அவர்கள் சின்ன வயதில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் குடியிருந்தார்கள். அப்பாவுக்கு நெஞ்சு சரியில்லாமல் போன புதிது. வேலை முடிந்து படியேறி வருகிறவர், திரும்புகிற இடத்தில் நின்றுவிடுவார். மேலே கைப்பிடிக் கம்பி வழியாகப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். மூச்சு வாங்குவது தெரியக்கூடாது என்பதற்காக, சாவியைத் தேடுகிற மாதிரி பேன்ட் பையில் கையை விட்டுத் துழாவுவார். ஆனால் சாவி எப்போதும் சட்டைப் பையில்தான் இருக்கும். பாதி வெளியே தெரியும்படி தொங்கிக்கொண்டிருக்கும். அது அவளுக்கும் தெரியும். அவள் பார்க்காத மாதிரி உள்ளே போய்ப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்வாள். கொஞ்ச நேரத்தில் காலடிச் சத்தம் மறுபடியும் கேட்கும். அப்போதுதான் அவளுக்கு மூச்சு வரும்.

"அவர் நிக்கும்போது வீடு முழுக்க ஒரு சத்தமும் இருக்காது. அந்தச் சத்தமில்லாததைத்தான் நான் அங்க வச்சேன்" என்றாள் கத்திரி.

தங்கை மேடையிலிருந்து இறங்கி வந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். அடுப்பில் இருந்தது அடிப்பிடித்துப் போனது. அதைச் சுரண்டிக்கொண்டே சிரித்தார்கள். கத்திரிக்கு அன்றைக்கு முழுக்க மனசு பஞ்சு மாதிரி இருந்தது. அப்பா போன பிறகு தங்கையோடு சேர்ந்து அப்பாவுக்காக அழுதது அதுதான் முதல்முறை.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு விடுமுறை நாளின் முற்பகல். கணவர் சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் தரையில் உட்கார்ந்து துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். வேறொரு பெரிய சேனலில் ஹம்மிங்கின் பேட்டி வரப்போகிறது என்று தங்கை போனில் சொல்லவில்லை. தற்செயலாகச் சேனலை மாற்றியபோது திரையில் அவர் இருந்தார். புதுச் சட்டை, புதுக் கண்ணாடி.

"அட, நம்ம சகலை!" என்று கணவர் சத்தத்தைக் கூட்டினார்.

பேட்டி எடுக்கிற பெண் கேட்டாள்: "எல்லாரும் கேக்கற கேள்விதான். அந்த இடத்துல பாட்டு ஏன் நிக்குது?"

ஹம்மிங் தலையைக் குனிந்துகொண்டார். மெல்லச் சிரித்தார். பிறகு பேச ஆரம்பித்தார்.

"எங்கப்பாவுக்கு நெஞ்சு சரியில்லாம இருந்துச்சு. படியேறி வரும்போது திரும்பற இடத்துல நின்னுடுவாரு. நாங்க பயந்துடக்கூடாதுன்னு சாவியைத் தேடற மாதிரி பேன்ட் பையில கையை விட்டுத் துழாவுவாரு. சாவி சட்டைப் பையில பாதி வெளிய தெரிஞ்சிட்டிருக்கும். நான் மேல நின்னு பார்த்துட்டு, பார்க்காத மாதிரி உள்ள போயிடுவேன்..."

பேட்டி எடுத்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த நேரத்துல வீடு முழுக்க ஒரு சத்தமும் இருக்காது. அந்தச் சத்தமில்லாததைத்தான் நான் அங்க வச்சேன்."

கத்திரியின் மடியில் மடித்த துணி அப்படியே இருந்தது. கணவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "பாவம். அவங்கப்பா இவ்வளவு கஷ்டப்பட்டாரா? நம்மகிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

"அது எங்கப்பா" என்றாள் அவள்.

கணவர் திரும்பிப் பார்த்தார். புரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் அவர் முதலில் கேட்டது ஹம்மிங்கைப் பற்றி அல்ல.

"என்கிட்ட நீ சொன்னதே இல்லையே."

தன் அப்பாவைப் பற்றிக் கட்டின புருஷன் அடுத்தவன் வாயால், அதுவும் அடுத்தவனுடைய அப்பாவாகக் கேட்டுக் கண்கலங்கும்படி ஆகிவிட்டதே!

மடித்த துணியை அப்படியே போட்டுவிட்டுத் தங்கை வீட்டுக்குப் பேருந்து ஏறினாள்.

கதவைத் திறந்த தங்கைக்கு அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "உள்ள வாக்கா" என்றவள், "பார்த்துட்டியா?" என்று கேட்டாள்.

"எல்லாத்தையும் அவன்கிட்ட ஒப்பிச்சியா?"

"அவர் கேட்டாருக்கா. போற இடத்துல எல்லாம் ஏன் இப்படி, ஏன் அப்படின்னு கேக்கறாங்க. அவருக்குப் பதில் தெரியலை. மெட்டு வரும், எப்படி வந்துச்சுன்னு சொல்லத் தெரியாது. மேடையில முழிச்சிட்டு நின்னாரு. எனக்குப் பார்க்கப் பாவமா இருந்துச்சு."

"அதனால என்கிட்ட வந்து கேட்டே."

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒவ்வொரு வாரமும்? அந்த அடுப்படி மேடைமேல உட்கார்ந்து? அதெல்லாம் அவனுக்காகத்தானா?"

"முதல்ல அப்படித்தான். அப்புறம் எனக்கே பிடிச்சுதான் கேட்டேன். சத்தியமா."

"அழுதியே, அன்னிக்கு."

"அது பொய் இல்லக்கா!" தங்கையின் குரல் உடைந்தது. "அது பொய்ன்னு மட்டும் சொல்லாதே."

"அழுதுட்டு வீட்டுக்கு வந்து அவன்கிட்ட சொன்னியா, இல்ல, வழியிலயே போன் பண்ணிச் சொல்லிட்டியா?"

தங்கை வேறொரு குரலில் பேசினாள். "எனக்கும் அவர் அப்பாதானே? நீ மட்டும் பார்த்தே. இத்தனை வருஷமா உனக்குள்ளயே வச்சுப் பூட்டிக்கிட்டே. எனக்கு அப்பான்னா ஒரு போட்டோதான்க்கா. அதைக்கூட நான் வந்து கேட்டப்புறம்தான் சொன்னே. நான் எடுத்துக்கிட்டா மட்டும் திருட்டா?"

கத்திரிக்கு அந்த வார்த்தையில் ஒரு நியாயம் இருந்தது தெரிந்தது. அதுவே அவளை இன்னும் கொதிக்க வைத்தது.

"நீ எடுத்துக்கோ. உன் அப்பா. உன் வாயால எங்க வேணும்னாலும் சொல்லு, நான் கேக்க மாட்டேன். அவனுக்கு எப்படிடி அவர் அப்பா ஆனாரு?"

அந்த நேரம் பார்த்து ஹம்மிங் உள்ளறையிலிருந்து வந்தார். இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "அக்கா, உட்காருங்க. ஒரு பேட்டிதானே. மாமனார்னு சொன்னா நீளமா போகும், அப்பான்னு சொன்னா ஜனங்களுக்குச் சட்டுனு புரியும். இதுக்குப் போய்..." என்றார்.

"இன்னும் ஒண்ணு இருக்குங்க. அதையும் சொல்லிடுங்க" என்றாள் தங்கை அவரிடம். அவள் சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

ஹம்மிங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தொடரின் அடுத்த பாகத்தை அந்தப் பெரிய சேனல் வாங்கிவிட்டதாம். டைட்டிலுக்கு இசை, படம் இரண்டுக்குமே அவர்தான் பொறுப்பு. அங்கே இருக்கிற படத்தொகுப்பாளரை வைத்து வெட்டியும் ஆகிவிட்டது. புதுப் படி, புதுக் கால்கள். ஆனால் முறை அதேதான்.

"உங்க பேரை நன்றின்னு போடச் சொல்லியிருக்கேன்க்கா. நல்ல இடத்துலயே போடச் சொல்றேன்" என்றார்.

கத்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகைக்குப் பதிலாக வந்த சிரிப்பு. "மேளம் அடிக்கிற இடத்துல போடு தம்பி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அவருக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. தங்கை வாசல்வரை வந்தாள். அதற்கு மேல் வரவில்லை.

அதன் பிறகு அவளுக்கு வேலையில் கை ஓடவில்லை. பழைய டைட்டில் எங்காவது கேட்டால் அந்த இடத்திலிருந்து எழுந்து போய்விடுவாள். நிலையத்தில் ஒவ்வொருவரும் அந்தப் பேட்டியைப் பற்றியே பேசினார்கள். "ஹம்மிங்குக்குள்ள இவ்வளவு சோகமா!" என்றார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. தங்கையின் புருஷன் பொய்யன் என்று ஊருக்குச் சொன்னால் போகப்போவது யாருடைய மானம்? கணவர் மட்டும், "ஒரு வார்த்தை சொல்லு, நான் போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். ரத்தம் எடுக்கும்போது ஊசிக்குப் பயப்படுகிறவர்களிடம்கூடக் குரலை உயர்த்தத் தெரியாத மனுஷன். அவள் அவரை உட்கார வைத்தாள்.

அப்புறம் ஒரு பிற்பகல் அழைப்பு மணி அடித்தது. திறந்தால் ஹம்மிங்கின் அப்பா. தண்ணீர்க் குழாய் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கல்யாணத்தில் பார்த்ததுபோலவே திடகாத்திரமாக இருந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கணும்மா. நான் எப்ப மாடி ஏறினேன்?"

கத்திரி மின்விசிறியைப் போட்டாள்.

"எங்க வீட்டுல மாடியே கிடையாது. தரையோட தரையா ஒரே வீடு. என் நெஞ்சுக்கும் ஒண்ணும் இல்ல, முழங்கால்தான் தகராறு. இப்ப தெருவுல போறவன் வர்றவன் எல்லாம் 'உடம்பு எப்படி இருக்கு, பார்த்துப் போங்க'ன்னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறான். ரொட்டிக் கடைக்காரன் எனக்கு நாற்காலி எடுத்துப் போடறான். பையன்கிட்ட கேட்டா, 'விடுப்பா, நல்ல பேருதானே'ங்கறான்." அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் அவனை ஒழுங்காத்தான் வளர்த்தேன்மா. சொல்றதுக்கு என்கிட்ட எதுவுமே இல்லாமலா போச்சு? அவன் வேற ஒரு அப்பனைத் தேடிப் போயிருக்கானே."

இந்த விஷயத்தில் ஏமாந்தவள் தான் ஒருத்திதான் என்று நினைத்திருந்த கத்திரிக்கு அப்போதுதான் நெஞ்சு கொஞ்சம் இளகியது. டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"யாரோட அப்பாம்மா அது?" என்று அவர் கேட்டார்.

"எங்கப்பா."

"நினைச்சேன்" என்று தலையாட்டினார். "நீ சொல்லேன். நான் உன் வாயால கேட்டுட்டுப் போறேன்."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். படி, திரும்புகிற இடம், பேன்ட் பை. சொல்லச் சொல்லத் தன் வாயிலிருந்து வருவது ஹம்மிங் பேசிய அதே வரிசையில் வருவது அவளுக்கே கேட்டது. பேட்டியில் ஹம்மிங் நிறுத்திய இடத்தில் அவளும் நிறுத்தினாள். அப்பாவின் முகத்தை நினைத்தால் அந்தப் புதுக் கண்ணாடியும், குனிந்த தலையும், கண்ணைத் துடைக்கிற பெண்ணும் குறுக்கே வந்தார்கள். பாதியில் நிறுத்திவிட்டாள்.

"போதும்மா. விடு" என்றார் பெரியவர். கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

புதுப் பாகம் ஒளிபரப்பானபோது அவள் பார்க்கக்கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. படு மோசமாக இருக்க வேண்டும் என்று மனசு ஏங்கியது. மேளத்தைப் போட்டுக் கெடுத்திருக்க வேண்டும், வயலினைத் திரும்பக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். அப்படி எதுவும் இல்லை. நன்றாக இருந்தது. படம் அடிக்கு ஓர் இமைப்பு முன்னால் மாறியது. பெயர்கள் நீண்ட சுரங்களின் மேல் உட்கார்ந்தன. கட்டில் தூக்குகிற கால்களுக்குப் பதிலாக ஒரு சக்கர நாற்காலியைத் தூக்கும் கால்களைப் போட்டிருந்தார்கள். அது அவளுக்குத் தோன்றாதது. கடைசியில் காலணிகள் நின்றன. பாட்டு நின்றது. ஜன்னலுக்கு வெளியே தெருவில் குழந்தைகளின் கூச்சலும் ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது. எங்கேயோ ஒரு வீட்டில் டிவியைச் சத்தமாக வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. வேறு யாராவது வெட்டியிருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பாள். அவள் சொல்லிக்கொடுத்ததை ஒரு பிசிறு இல்லாமல் செய்திருந்தார்கள். அவளிடம் வந்து கேட்டிருந்தால் போதுமே, ஒரு வார்த்தை. அவளே உட்கார்ந்து வெட்டிக் கொடுத்திருப்பாளே.

நன்றி என்று அவள் பெயர் எங்கேயும் வரவில்லை.

நாள் போகப் போகக் கை பழையபடி ஓட ஆரம்பித்தது. வேலை நிற்கவில்லை. புதிதாக ஒரு பெண் இசையமைப்பாளர் வந்திருந்தார். வேகமானவர், கேள்விகள் அதிகம். "இங்க ஏன் வெட்டினீங்க?" என்று கேட்பார். "தோணுச்சு" என்பாள் கத்திரி. அவர் எவ்வளவு கிண்டினாலும் அதற்கு மேல் பிடி கொடுக்க மாட்டாள். வெட்டுவதில் குறை ஒன்றும் இல்லை. காரணம் மட்டும் அவளோடு நின்றுவிட்டது.

தங்கை வந்தாள். வராமல் இருப்பாளா? ஒரு பிஸ்கட் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி, விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கத்திரி மடிக்கணினியில் ஒரு டைட்டிலை வெட்டிக்கொண்டிருந்தாள். பேருந்து நிலையத்தில் நடக்கிற ஒரு கதை. திரையில் வரிசையாகப் பேருந்துகளின் பக்கக் கண்ணாடிகள். ஒவ்வொன்றிலும் பின்னால் ஓடி வருகிற யாரோ ஒருவர்.

தங்கை கொஞ்ச நேரம் பார்த்தாள். பார்த்த பார்வை உண்மையானது என்று கத்திரிக்குத் தெரிந்தது. "எல்லாரையும் ஏன்க்கா கண்ணாடியில மட்டும் காட்டறே?" என்று கேட்டாள்.

காரணம் இருந்தது. நல்ல காரணம். நாக்கு நுனிவரை வந்தது.

"இயக்குநர் அப்படிக் கேட்டாரு" என்றாள் கத்திரி.

தங்கைக்கு முகம் சிவந்தது. "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்க்கா."

"சொல்றதுக்கு என்ன இருக்கு?" கத்திரி கணினியை மூடினாள். "உன் சின்னவனுக்கு இருமல் நின்னுச்சா?"

"நின்னுடுச்சு" என்றாள் தங்கை. பிறகு இருமலைப் பற்றியும், மருந்துக் கடையில் இருக்கிற கூட்டத்தைப் பற்றியும் பேசினார்கள். டீ குடித்தார்கள். தங்கை கிளம்பும்போது கத்திரி படிவரை போய் வழியனுப்பினாள். தங்கை இறங்கிப் போகிற சத்தம் அடங்கும்வரை நின்றாள். அப்புறம் உள்ளே வந்து கதவைத் தாழிட்டாள்.